அடுத்த வீட்டுக்கும் சேர்த்து உலை வைப்பது: குமரி மாவட்ட அடுக்களைக்கு ஒரு முழு வழிகாட்டி

இரவு ஒன்பதரைக்கு வாசலில் ஆள் வந்து "இன்ன வீட்டில் துஷ்டி" என்று சொல்கிறார். சாவு நடந்திருக்கிறது. மறுநாள் காலை ஆறரைக்குள் அந்த வீட்டுக்கு இருபது பேருக்குக் கஞ்சி போயாக வேண்டும். கடை திறந்திருக்காது. மழை நாளாக இருந்தால் கரண்டும் இருக்காது. அந்த நேரத்தில் அடுக்களையில் என்ன இருக்கிறதோ அதுதான் கஞ்சி, அதுதான் தொட்டுக்கொள்ள.

வீட்டை நடத்துவது என்றால் நம் பக்கத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எட்டுப் பேருக்கு இருப்பு. கூடுதலாக நிற்கும் மூன்று பங்கு விருந்தாளிக்காக வைப்பது கிடையாது. காய்ச்சல் வந்த வீடு, பிள்ளை பெற்ற வீடு, துஷ்டி வீடு, வெள்ளம் ஏறிய வீடு, இந்த நாலுக்குத்தான் அது. அந்த இருப்பை எப்படிச் சேர்ப்பது, கெடாமல் எப்படிக் காப்பது, தேவை வந்த அன்று எந்த அளவில் சமைத்து எப்படிக் கொண்டு போவது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

எப்போது எதைச் சேர்ப்பது

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கல்குளம், விளவங்கோடு பக்கம் நன்றாகவே பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மாவட்டம் முழுக்க அடைத்துப் பெய்யும். ஆகவே காயவைக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் மாசியிலிருந்து வைகாசி நடுவரைதான் உறுதியான வெயில். அதைத் தவறவிட்டால் ஆவணி, புரட்டாசியில் இடையிடையே கிடைக்கும் வெயிலை நம்ப வேண்டியதுதான். அந்த வெயிலில் பப்படம் காயும், கொப்பரை காயாது.

மாசி, பங்குனியில் புதுப் புளி. கும்பப்பூ என்னும் நெற்போக அறுவடை முடிந்து நாஞ்சில் நாட்டுப் புது நெல்லும் அப்போதுதான் வரும். பங்குனி முதல் வைகாசி வரை கருப்பட்டி. சித்திரையில் உப்பிலிட மாங்காய். மீனுக்குக் கணக்கு வேறு. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். நாட்டு வள்ளத்துக்காரர்கள் கொண்டு வரும் மீன் உண்டு என்றாலும் விலை ஏறிவிடும். நெத்திலி, சாளைக் கருவாட்டை ஏப்ரல் தொடங்கும் முன் வாங்கி வைப்பதே லாபம்.

இருப்பு: எவ்வளவு, எப்படி

ஐந்து பேர் வீட்டுக்கு மாதம் 30 முதல் 35 கிலோ அரிசி ஆகும். அதற்கு மேல் 10 கிலோ சம்பா அரிசியைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். இருபது பேர் கஞ்சிக்கு ஒன்றரை கிலோ போதும் என்பதால் இந்தப் பத்து கிலோ ஆறு வேளைக்கு வரும். மாதம் பிறந்ததும் அந்த அரிசியை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டுப் புதிதை அங்கே போடுங்கள். அவசரத்துக்கென்று மூலையில் போட்டு மறந்த அரிசியில்தான் வண்டு விழும். வேப்பிலையும் வத்தலும் (காய்ந்த மிளகாய்) போட்டு வைப்பது நல்லதுதான், ஆனால் ஈரப்பதம் இருந்தால் எந்த இலையும் காப்பாற்றாது. வண்டு விழுந்த அரிசியை உச்சி வெயிலில் பரப்பாதீர்கள். மணி கீறி, வேகும்போது உடைந்து கஞ்சி பசையாகிவிடும். நிழலில் காற்றோட்டமாகப் பரப்பிப் புடைத்தால் போதும்.

மற்றவற்றுக்கு, வீட்டுச் செலவு போகக் கூடுதலாக: சிறுபயறு 2 கிலோ, கருப்பட்டி 3 கிலோ, சுக்கு 250 கிராம், வத்தல் 500 கிராம், கல்லுப்பு 2 கிலோ, பப்படம் நாலு கட்டு, தேங்காய் 15. சிறுபயறு ஓராண்டு தாண்டினால் எவ்வளவு வேகவைத்தாலும் சில மணிகள் கல்லாகவே நிற்கும். வாங்கிய மாதத்தை டின்னின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

*தேங்காய்.* உரித்துக் கொண்டு வரும்போது கண்ணுக்கு மேலே இருக்கும் குடுமியைப் பிய்க்காதீர்கள். மூன்று கண்ணில் ஒன்று மென்மையானது. குடுமி போனால் அதன் வழியாகக் காற்றும் ஈரமும் ஏறி உள்ளே பருப்பு வழுவழுப்பாகும். குடுமியோடு, கண் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் தேங்காய் பல வாரம் நிற்கும். ஆட்டிப் பார்க்கும்போது தண்ணீர் சத்தம் கேட்காத காயை முதலில் உடையுங்கள். உடைத்த மூடி மிஞ்சினால் உள்பக்கம் உப்புத் தடவிக் கவிழ்த்து வையுங்கள், மறுநாள் வரை தாங்கும்.

*தேங்காய் எண்ணெய்.* ஒரு லிட்டருக்கு நன்றாக முற்றிய காய் 10 முதல் 12 வேண்டும். கொப்பரையை ஆறு ஏழு நாள் வெயிலில் போட்டு, ஒடித்தால் வளையாமல் "டக்" என்று முறிகிறதா என்று பாருங்கள். வளைந்தால் உள்ளே ஈரம் உண்டு. அந்தக் கொப்பரையை ஆட்டினால் எண்ணெய் கலங்கலாக வரும், இரண்டு மாதத்தில் காறல் வாடை அடிக்கும். செக்கிலிருந்து வந்த எண்ணெயை மூன்று நாள் அசைக்காமல் வைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுங்கள். அடியில் நிற்கும் கசடை அந்த வாரமே சமையலில் தீர்த்துவிட வேண்டும்.

*புளி.* கொட்டையும் நாரும் எடுத்து இரண்டு நாள் வெயிலில் போட்டு, கிலோவுக்கு 50 கிராம் கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக அமுக்குங்கள். மண்பானையோ பீங்கான் பரணியோ எடுக்கலாம். அலுமினியம், பித்தளை இரண்டும் வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

*கருப்பட்டி.* மழைக்காலத்தில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும். முன்பு அடுப்புக்கு மேலே ஓலைக் கொட்டானில் தொங்கவிட்டதற்குக் காரணமே இதுதான், புகையும் சூடும் அதை உலர்வாக வைத்தன. கேஸ் அடுப்பு வந்த பிறகு ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டின்னில் வைப்பதுதான் வழி. உடைத்த வட்டை முதலில் தீருங்கள்.

*உப்பு மாங்காய்.* சிறிய, அடிபடாத நாட்டு மாங்காய் 5 கிலோ. காம்பு ஒரு விரற்கடை விட்டு நறுக்குங்கள். கழுவி, ஈரம் ஒட்டத் துடைத்து நிழலில் ஒரு நாள். 4 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, முழுக்க ஆறவைத்துப் பரணியில் மாங்காய் மூழ்கும்வரை ஊற்றுங்கள். மேலே சுத்தமான தட்டு, அதன் மேல் கழுவிய கல். மாங்காய் மிதந்து தலை நீட்டினால் அந்த இடத்தில்தான் கெடும். ஒரு மாதத்தில் சுருங்கி அடியில் இறங்கும், அப்போது எடுக்கலாம். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் வழித்து எறிந்துவிட்டு உப்பு நீர் ஊற்றி மூழ்கடியுங்கள். பச்சையோ கருப்போ பஞ்சு போலப் பூத்தால் மொத்தமும் குப்பைக்கு. நனைந்த கரண்டி போட்டவர் யார் என்று அப்புறம் விசாரிக்கலாம்.

*மரச்சீனி.* அதாவது மரவள்ளிக்கிழங்கு. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்குவித்த பயிர். அரிசி தட்டுப்பட்ட காலங்களில் இந்த மாவட்டத்தைத் தாங்கியது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக் கோடு விழுந்து கெடும். இருப்பு வைக்க வேண்டுமானால் காயவைத்தே ஆக வேண்டும். தோலும் உள்தோலும் சீவி, அரை விரல் கனத்தில் வட்டமாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் அரைவேக்காடாக எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாறையிலோ ஓலைப்பாயிலோ நாலைந்து நாள் காயவிடுங்கள். ஒடித்தால் சத்தத்தோடு உடைய வேண்டும். சமைக்கும் முன் இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். வேகவைத்த தண்ணீரையும் கொட்டுங்கள், பச்சைக் கிழங்குக்கும் இதே விதி. மரச்சீனியில் இயல்பாகவே இருக்கும் நஞ்சு இப்படித்தான் பெரும்பாலும் வெளியேறுகிறது. சத்து போய்விடும் என்று சொல்லி அந்தத் தண்ணீரைக் குழம்புக்கு எடுப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது.

கரண்டு இல்லாத மூன்று நாள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்டு வரவில்லை. மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது, ஃபிரிட்ஜ் வெறும் அலமாரி. வீடு அதற்குத் தயாரா என்று ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

கிணற்றுக்குக் கயிறும் வாளியும் இருக்கிறதா, கப்பி சுற்றுகிறதா? கயிறு இத்துப் போயிருப்பது வாளி உள்ளே விழும்போதுதான் தெரிய வருகிறது. அம்மியை முற்றத்து மூலையிலிருந்து எடுத்துக் கழுவி, கூரைக்கு அடியில் போடுங்கள். கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை), மட்டை, சிரட்டை, கதம்பல் (தேங்காய் நார்மட்டை) எல்லாம் வைகாசிக்குள் விறகுப்புரை ஏற வேண்டும். நனைந்த கதம்பல் இரண்டு நாள் வெயிலுக்குக்கூட அசையாது, புகைதான் வரும். ஒரு முழு கேஸ் சிலிண்டர் கையிருப்பில் இருந்தாலும், முப்பது பேர் அண்டாவுக்கு விறகடுப்புதான் தோது. வீட்டு கேஸ் அடுப்பின் தாங்கிகள் அந்தக் கனத்துக்குச் செய்யப்பட்டவை கிடையாது.

ஃபிரிட்ஜ் நின்றதும் மீனைத்தான் முதலில் பாருங்கள். அன்றே குடம்புளி போட்டு மண்சட்டியில் குழம்பாக்கினால் மறுநாள் வரை ஓடும், காலையும் மாலையும் ஒருமுறை கொதிக்கவைக்க வேண்டும்.

கிணறு

வெள்ளம் ஏறி இறங்கிய தெருவில் சோற்றை விட முதலில் தேவைப்படுவது குடிதண்ணீர். ஒரு வீட்டுக் கிணறு சரியாக இருந்தால் சுற்றி நாலு வீடு பிழைக்கும். பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவில் கொட்டுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. குறைந்தால் பயனில்லை, கூடினால் யாரும் குடிக்கமாட்டார்கள்.

1. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் மீட்டரில் அளக்கவும். கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் ஆழம் கிடைக்கும்.

2. விட்டம் × விட்டம் × ஆழம் × 785. வருவதுதான் லிட்டர் கணக்கு. விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் 2 × 2 × 3 × 785 = 9,420 லிட்டர்.

3. சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். மேலே சொன்ன கிணற்றுக்கு 24 கிராம் வரும். வெள்ளத்துக்குப் பிறகு இரட்டிப்பு, அதாவது 47 கிராம். மிதக்கும் குப்பையை அள்ளி, சேறாக இருந்தால் இறைத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊறிய பிறகே போட வேண்டும். சேற்றுத் தண்ணீரில் மருந்து சேற்றோடு தீர்ந்துவிடும்.

4. பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விடவும். அடியில் சுண்ணாம்பு தங்கும். தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றவும். சுண்ணாம்பைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் கடுத்துப்போய்ப் பயறு வேகாது.

5. தெளிவு இருக்கும் வாளியைக் கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் இறக்கி, கயிற்றை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிக் கலக்கவும். இரவு படுக்கும் முன் செய்தால் காலையில் எடுக்கலாம். எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்கக் கூடாது.

காலையில் லேசான மருந்து வாடை இருந்தால் சரியாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். வாடையே இல்லையென்றால் பவுடர் பழசு, அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம், மறுபடி போடுங்கள். திறந்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துகொண்டே இருக்கும், ஆகவே மழைக்கு முன் புதிதாக அரைக்கிலோ வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். செப்டிக் தொட்டி நிரம்பி வழிந்த இடத்துக்கு அருகில் உள்ள கிணறானால் மருந்து போட்டாலும் நன்கு கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

அப்படியே ரப்பர் விளைக்குள்ளும் ஒரு நடை. பால் வெட்டாத மழைநாளில் மரத்தில் மாட்டியிருக்கும் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கி, ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பறக்கும். சிரட்டைகளைக் கவிழ்த்து மாட்டுவது விளைக்காரர் வேலை என்று விட்டுவிட்டால் காய்ச்சல் நம் வீட்டுக்கும் வரும்.

துஷ்டி வீட்டுக்குக் கஞ்சி: இருபது பேருக்கு

சோறு, குழம்பு, கூட்டு என்று முதல் நாளே கொண்டுபோக வேண்டாம். அழுத தொண்டையில் சோறு இறங்காது. கஞ்சி, பயறு, துவையல், சுட்ட பப்படம், உப்பு மாங்காய். இவ்வளவே. சில குடும்பங்களில் அந்த நாள்களில் தாளிக்க மாட்டார்கள், சில வீடுகளில் மீன் ஆகாது, சில வீடுகளில் எதுவும் தடையில்லை. நாமாக ஊகிக்காமல் அந்த வீட்டு நெருங்கிய உறவு ஒருவரிடம் கேட்க வேண்டும். இழப்புக்கு ஆளானவரிடம் போய் "என்ன செய்யணும், என்ன வேணும்" என்று கேட்காதீர்கள். பதில் சொல்லும் வேலையையும் அவர் தலையில் ஏற்றுகிறோம். கொழுந்தனாரின் மனைவியோ அக்காவோ யாராவது இருப்பார்கள். "மைனி, காலையில கஞ்சி நாங்க கொண்டு வாறோம். மத்தியானத்துக்கு மேலத்தெருக்காரங்க சொல்லியிருக்காங்க. தாளிக்கலாமா, வேண்டாமா?" இவ்வளவு கேட்டால் போதும்.

வேண்டியவை: சம்பா அரிசி ஒன்றரை கிலோ, சிறுபயறு ஒரு கிலோ, தேங்காய் நாலு (மூன்று துவையலுக்கு, ஒன்று பயறுக்கு), வத்தல் 25, உள்ளி (சின்ன வெங்காயம்) கால் கிலோ, வெள்ளைப்பூடு ஒரு முழு, நல்ல சீரகம், மஞ்சள், புளி, இஞ்சி, கல்லுப்பு, பப்படம் 40. பாத்திரம் 25 லிட்டர் அண்டா. கஞ்சி பதினைந்து லிட்டரைத் தாண்டும், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் ஆட்டோவில் தளும்பும்.

*இரவு.* பயறைக் கல் பொறுக்கி, வெறும் சட்டியில் ஐந்து நிமிடம், வாசம் எழும்வரை மட்டும் வறுத்து ஆறவிடுங்கள். வறுத்த பயறு வெந்தாலும் குழையாது, மணிமணியாக நிற்கும். சிவக்க வறுத்தால் கசக்கும். தேங்காயை இரவே துருவ வேண்டாம், மழைக்காலப் புழுக்கத்தில் காலைக்குள் புளித்துவிடும். உள்ளி உரிப்பதை இரவிலேயே பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். அதிகாலையில் தேங்காய் துருவவும் ஆள் வேண்டும், யார் என்று இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். இத்தனையும் ஒரே பெண் தலையில் விழுந்தால் அடுத்த முறை அந்த வீட்டிலிருந்து கஞ்சி வராது.

*4.15 மணி.* அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவி ஊறவிடுங்கள். அண்டாவில் 15 லிட்டர் தண்ணீர் வைத்து அடுப்பு மூட்டுங்கள். ஒரு மணி நேரம் ஆகும் பாதைக்குக் கொண்டுபோவதானால் 18 லிட்டர், இன்னும் பெரிய அண்டாவில். இருக்க இருக்கக் கஞ்சி இறுகும். பச்சைத் தண்ணீர் ஊற்றி இளக்கினால் சுவையே போய்விடும், அதனால் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் கூடப் போகட்டும்.

*4.45.* தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் அரிசி. முதல் பத்து நிமிடம் அகப்பையால் அடியைத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி அடியில் அமர்ந்து பிடிப்பது அந்த நேரத்தில்தான். பிறகு தீயைக் குறைத்து 40 முதல் 50 நிமிடம். மணி வாய் பிளந்து, விரலுக்கிடையில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் இருப்பது பதம். அடிப்பிடித்த வாடை வந்தால் கிளறவே கிளறாதீர்கள். அடியைத் தொடாமல் மேல் கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் காப்பாற்றிவிடலாம். கரண்டியால் ஒருமுறை சுரண்டிவிட்டால் அண்டா மொத்தமும் கருகல். உப்புப் போட வேண்டாம், தனியாகக் கொண்டுபோங்கள். இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் எல்லாத் துஷ்டி வீட்டிலும் இருப்பார்கள்.

*5.00.* பயறு இன்னொரு அடுப்பில், மூன்று லிட்டர் தண்ணீரில். வெந்து தண்ணீர் வற்றும்போது தேங்காய் ஒன்று, சீரகம் ஒன்றரை டீஸ்பூன், வெள்ளைப்பூடு பத்துப் பல், வத்தல் எட்டு, மஞ்சள் அரை டீஸ்பூன் இவற்றைத் தட்டிப் போட்டு, உப்புச் சேர்த்து, ஒரு கொதி விட்டு இறக்குங்கள். நைசாக அரைத்தால் பயறு கூழாகும், அம்மியில் இரண்டு இழுப்பு போதும்.

*5.30.* துவையல். கஞ்சி வேகும் அடுப்பின் தணலில் வத்தல் பதினைந்தைப் போட்டு, கறுக்காமல் உப்பும்வரை சுட்டு எடுங்கள். மூன்று தேங்காய்த் துருவல், சுட்ட வத்தல், உள்ளி இருபது, இஞ்சி ஒரு விரல் நீளம், நெல்லிக்காய் அளவு புளி இரண்டு, கல்லுப்பு. முதலில் வத்தலும் உப்பும் புளியும், பிறகு தேங்காய், கடைசியில் உள்ளி. தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. கையில் உருட்டினால் உருண்டை விரியாமல் நிற்க வேண்டும். தண்ணீர் விட்டு அரைத்தது பத்து மணிக்குள் ஊசிப்போகும், கெட்டியாக அரைத்தது மத்தியானம் வரை இருக்கும். உள்ளியை முதலிலேயே அரைத்தால் கசப்பு ஏறும்.

*6.00.* அண்டாவைச் சணல் சாக்கில் சுற்றி, பிரிமணை மேல் வைத்து ஏற்றுங்கள். இலை, தண்ணீர் கோர இரண்டு செம்பு, அகப்பை, பழைய துணி, குப்பைக்கு ஒரு சாக்கு, எல்லாமே நம் வீட்டிலிருந்து போகட்டும். அங்கே போய்க் கரண்டி கேட்டு அலமாரியைத் திறப்பது உபகாரத்தில் சேராது.

கூடவே சுக்குக் காப்பி. ஐம்பது சிறிய தம்ளருக்கு ஐந்தரை லிட்டர் தண்ணீர், கருப்பட்டி 600 கிராம், தட்டிய சுக்கு 50 கிராம், மல்லி இரண்டு மேசைக்கரண்டி, நல்லமிளகு ஒரு டீஸ்பூன், காப்பிப்பொடி 40 கிராம். கருப்பட்டியை முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் எப்போதும் மண் தங்கும், நேரடியாகப் போட்டால் கடைசிப் பத்துத் தம்ளரில் நறநறக்கும். சுக்கும் மல்லியும் பத்து நிமிடம் கொதித்த பிறகு கருப்பட்டித் தண்ணீர், அடுப்பை அணைத்த பிறகு காப்பிப்பொடி. பொடியைக் கொதிக்கவிட்டால் கசக்கும்.

மறுநாளிலிருந்து சோறு. அப்போது எந்தக் கறி எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள். பச்சைத் தேங்காய் அரைத்த அவியல் அந்த வேளைக்கு மட்டும். தேங்காயைக் கருஞ்சிவப்பாக வறுத்தரைத்த உள்ளித் தீயல் காலையில் வைத்தால் இரவு வரை நிற்கும். இஞ்சிக்கறி ஒரு வாரம் இருக்கும். வெந்த சோற்றைச் சூடாக மூடிக் கட்டி மணிக்கணக்கில் வைப்பது ஆபத்து, இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட முடியாதென்றால் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கிவிடுங்கள்.

ஒரே நாளில் ஆறு வீட்டிலிருந்து சாப்பாடு வந்து, மூன்றாம் நாள் ஒருவரும் எட்டிப் பார்க்காமல் போவது எங்கும் நடப்பது. முதல் நாளே ஐந்து வீடுகள் பேசி வேளையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் குறைந்த பிறகு வரும் நாலாம் நாள், ஐந்தாம் நாள் இரவுச் சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த வேளையைத்தான் யாரும் எடுக்கமாட்டார்கள்.

பிள்ளை பெற்ற வீடு

இங்கே அளவு சிறிது, அடிக்கடி போக வேண்டும். உளுந்தங்களி மாவை ஒரு மாதத்துக்கு அரைத்துக் கொடுத்துவிட்டால் பெரிய உதவி. தோலோடு கறுப்பு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, தனித்தனியாக வறுத்து ஆறியபின் அரைத்துச் சலிக்கவும். ஒரு வேளைக்கு மாவு அரைக் கப், கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் இரண்டு கப், நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. பாதித் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். மீதி ஆறிய தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அதில் ஊற்றிக் கிளறுங்கள். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக உருண்டை கட்டும். எண்ணெயை மூன்று தடவையாக விட்டு, நனைத்த கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள்.

சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் கொண்டுபோகலாம். கூடவே ஒரு செம்பு வெந்நீரும் கொண்டுபோங்கள். பெற்றவளுக்குத் தண்ணீர் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீட்டில் உண்டு, பாலூட்டும் உடம்புக்கு அது தவறு. குழந்தைக்குச் சேனைத் தண்ணி, தேன் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். மார்த்தாண்டம் தேன் எவ்வளவு நல்லதானாலும் ஒரு வயது முடிந்த பிறகுதான். நம் மட்டிப் பழத்தை மசித்துக் கொடுப்பதும் ஆறு மாதத்துக்குப் பிறகே.

வேலை செய்யப் போகிறவர் துணி துவைக்கலாம், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். குழந்தையைக் கொஞ்சுவது அப்புறம். மூத்த பிள்ளைக்கென்று தனியாக இரண்டு முந்திரிக்கொத்து கொண்டுபோவது நல்லது.

காய்ச்சல் வீடு

நொய்க் கஞ்சி: நொய் 50 கிராமுக்குத் தண்ணீர் 700 மில்லி, உப்பு, தட்டிய சீரகம் ஒரு சிட்டிகை. வயிற்றுப்போக்கென்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கலக்கிக் கொடுப்பதால் உப்பு கூடிவிடுகிறது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான். குழந்தை துவண்டு கிடந்தால், சிறுநீர் நின்றிருந்தால், கஞ்சி, கலக்கல் என்று காத்திருக்காமல் உடனே வண்டியைக் கூப்பிடுங்கள்.

பாத்திரம் திரும்பி வருவது

திரும்பி வந்தே ஆக வேண்டும் என்ற பாத்திரத்தில் எதையும் கொடுத்தனுப்பாதீர்கள். துக்கத்திலோ காய்ச்சலிலோ இருக்கிறவர் யாருடைய தூக்குச்சட்டி எது என்று நினைவில் வைக்க முடியாது. அண்டா போன்றவற்றின் அடியில் பெயின்டால் வீட்டுப் பெயரை எழுதி, அன்று மாலையே நீங்களே போய் எடுத்து வாருங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. துஷ்டி வீட்டுக்கு அந்தக் கடனையும் வைக்காமலிருக்க, நாமே போய் எடுத்து வருவதே வழி.

அண்டாவைக் கொண்டுவந்ததும் அன்றிரவே தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். ஒட்டிய கஞ்சி காய்ந்துவிட்டால் கதம்பல் நார் போட்டுத் தேய்த்தாலும் வராது. காலையில் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, விளிம்பின் மடிப்பில் நிற்கும் ஈரமும் காய்ந்த பிறகு பரணில் ஏற்றுங்கள். ஏற்றும் முன் அரிசி டின்னைத் திறந்து, போன ஒன்றரை கிலோவைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.